நியமனக் கடிதம் தரேல்லை எண்டா உரிமையும் இல்லையோ?

இந்தக் கிழமை எடுத்த கடிதம் வடமராட்சிப் பக்கத்தில இருந்து 24 வயசுப் பிள்ளை ஒராள் எழுதினது. ஊர், கடை, ஆக்கள் எல்லாத்தின்ர பேரையும் எடுத்துப்போட்டு, ஆளை மட்டுக்கட்டக்கூடிய ஒண்டு ரெண்டு விசயத்தையும் மாத்தித்தான் சுருக்கம் தாறன்.

ஏ.எல். முடிச்சாப்பிறகு அவ மூண்டு வேலை பாத்திருக்கிறா. முதல்ல தோட்டத்தில வெங்காயம் பிடுங்கிற நாள்கூலி, பேந்து ஒரு நண்டுக் கொம்பனியில சதை எடுக்கிற வேலை, இப்ப ரெண்டரை வருசமா யாழ்ப்பாணம் ரவுணில ஒரு பெரிய புடவைக்கடையில சீலைச் செக்சன். "வெங்காயத்தில நாரி முறிஞ்சது, நண்டில கை முழுக்க வெட்டு, எத்தின தரம் சோப் போட்டாலும் மணம் போகாது, ஆனா நான் செய்ததிலயே மோசமான வேலை எதெண்டு ஆர் கேட்டாலும் இந்த ஏசிக்கடை தான் எண்டு சொல்லுவன்" எண்டு எழுதியிருக்கிறா.

காலமை 8.30க்கு மெசினில விரல் வைக்கோணும், இரவு 8 மணிக்குக் கடை பூட்டும் மட்டும் நிக்கோணும், நல்லூர்த் திருவிழா, தீபாவளி, பொங்கல் நேரங்களில 10 மணியும் ஆகும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம். மாதத்தில ரெண்டு நாள் லீவு. கடையில சனமே இல்லாட்டியும் இருக்க ஏலாது, கமெராவில பாத்திட்டு மேல இருந்து போன் வரும். ரொய்லெற்றுக்குப் போறதெண்டா சுப்பர்வைசரிட்ட இருக்கிற கொப்பியில போற நேரமும் வாற நேரமும் எழுதி சைன் வைக்கோணும், 5 நிமிசம் தாண்டினா 100 ரூபா வெட்டு. அதால அவவும் கூட நிக்கிற பிள்ளையளும் பகலில தண்ணி குடிக்கிறதையே விட்டிட்டினம். போன வருசம் மூத்திரத் தொற்று வந்து காய்ச்சலோட நாலு நாள் வாட்டில கிடந்தவ, அந்த நாலு நாளுக்கும் சம்பளம் இல்லை.

சம்பளம் 26,000, இண்டு வரைக்கும் கூட்டேல்லை. ஸ்ரொக் எடுக்கேக்க சீலை குறைஞ்சா செக்சனில நிக்கிற எல்லாருக்கும் பிரிச்சு வெட்டுவினம். நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கேட்டதுக்கு முதலாளி "வேணுமெண்டா ரெண்டு பங்கையும் உம்மட சம்பளத்தில தான் வெட்டுவன், பறவாயில்லையோ" எண்டிருக்கிறார், இவவும் வேண்டாமெண்டு எழுதிக் குடுத்திட்டா. சேரேக்க ஏ.எல். சேர்ட்டிபிக்கட் ஒரிஜினலையும், முத்திரை ஒட்டின வெறும் தாளில ஒரு கையெழுத்தையும் வாங்கி வைச்சிருக்கினம், மூண்டு வருசத்துக்கு முதல் விட்டா 50,000 கட்டோணுமாம். வேலை எடுத்துத் தந்தது அம்மாவின்ர தம்பி, அவருக்கும் முதலாளிக்கும் கோயில் பழக்கம். அம்மாவோ "வெயிலில நிண்டு வெங்காயம் பிடுங்கினனாங்கள் நாங்கள், ஏசிக்குள்ள நிக்க உனக்குப் பஞ்சியோ" எண்டு கேக்கிறாவாம்.

கேள்வி மூண்டு: நாளைக்கே விடட்டோ? விட்டா சேர்ட்டிபிக்கட்டும் காசும் என்னாகும்? கடிதமே தராத இடத்தில எனக்கு என்ன உரிமை இருக்கு? கடைசியா ஒரு வரி, "உண்மையில நான் தான் பஞ்சிப்படுறனோ?"

தங்கச்சி, அந்தக் கடைசி வரிக்கு முதல்ல பதில் சொல்லுறன். இல்லை. வெங்காயமும் நண்டும் உடம்பை முறிக்கிற வேலை, ஆனா அங்க தண்ணி விடாய்ச்சா குடிச்சியள், ஒண்டுக்கு வந்தா போனியள், நாரி நொந்தா குந்தி இருந்தியள். இஞ்ச அந்த மூண்டையும் பறிச்சுப்போட்டு மேல ஏசியைப் போட்டிருக்கினம். அம்மா சொல்லுறது அவவின்ர அனுபவத்தில இருந்து வருது, அதில கோபிக்க ஒண்டுமில்லை, ஆனா கஷ்டமான வேலை வேற, சட்டத்தை மீறி வாங்கிற வேலை வேற. கேரளாவில 2018இலயும் தமிழ்நாட்டில 2021இலயும் கடையில வேலை செய்யிற ஆக்களுக்கு இருக்க ஆசனம் குடுக்கோணும் எண்டு சட்டமே திருத்தினவை, கேரளாவில அதைக் கேட்டுப் போராடினது உங்களை மாதிரிப் புடவைக்கடைகளில நிண்ட பொம்பிளையள் தான். அவையையும் ஆரும் பஞ்சி எண்டு சொல்லியிருப்பினம்.

கடிதம் தராதது முதலாளியின்ர பிழை

நீங்கள் மட்டுமில்லை, என்னட்ட வாற பிள்ளையளில கனபேர் இதைத்தான் நினைச்சுக்கொண்டு வருகினம், கடிதம் இல்லை எண்டா நான் அங்க வேலை செய்ததே கணக்கில இல்லை எண்டு. அப்பிடி இல்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நியமனக் கடிதம் குடுக்கிறதை முதலாளியின்ர கடமையாத்தான் வைச்சிருக்கு. குடுக்காமல் விட்டா சட்டத்தை மீறினது அவர், நீங்கள் ரெண்டரை வருசம் வேலை செய்தது அதால இல்லாமல் போகாது. நீங்கள் அங்க வேலை செய்ததுக்கு வேற அத்தாட்சி காட்டினாக் காணும்.

அந்தச் சட்டப்படி சாதாரண வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. சாப்பாட்டு நேரம் இதுக்குள்ள சேராது. நீங்கள் எழுதின கணக்கில சாப்பாட்டைக் கழிச்சா நாளுக்கு 11 மணித்தியாலம் நிக்கிறியள், அதாவது சீசன் இல்லாத நாளிலயே மூண்டு மணித்தியாலம் ஓவர்டைம். அதுக்கு ஒண்டரை மடங்கு சம்பளம் தரோணும், அப்பிடித் தந்தாலும் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல ஓவர்டைம் வாங்க ஏலாது, நீங்கள் செய்யிறது அந்த எல்லையையும் தாண்டுது. கிழமைக்கு ஒண்டரை நாள் சம்பளத்தோட லீவு, மாதத்தில ரெண்டு நாள் இல்லை. போயா நாளும் சம்பளத்தோட லீவு, வேலைக்கு வரச் சொன்னா அண்டைக்கு ஒண்டரை மடங்கு. வருசத்துக்கு 7 நாள் கசுவல் லீவு, ரெண்டாம் வருசத்தில இருந்து 14 நாள் வருடாந்த லீவு. நீங்கள் வாட்டில கிடந்த நாலு நாளும் அந்த ஏழுக்குள்ள அடங்கும், அந்தச் சம்பளத்தை வெட்டினது பிழை.

சம்பளத்திலயே ஒரு பிரச்சினை இருக்கு, நீங்கள் அதைக் கேள்வியா எழுதவே இல்லை. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில இருந்து 27,000, 2026 ஜனவரியில இருந்து 30,000. 26,000 எண்டு பேசி எடுத்தது, நீங்களும் ஓமெண்டது எல்லாம் இதுக்கு முன்னால நிக்காது. 2025 ஏப்ரலில இருந்து மாதம் ஆயிரமும், ஜனவரியில இருந்து மாதம் நாலாயிரமும் உங்களுக்கு நிலுவை. அதுக்கு மேல சீலை காணேல்லை எண்டு வெட்டினது. ஒராள் எடுத்தது எண்டு காட்டாமல், விசாரிக்காமல், நிண்ட எல்லாரின்ர சம்பளத்திலயும் பிரிச்சு வெட்ட முதலாளிக்கு அதிகாரம் இல்லை. ரொய்லெற் தண்டமும் அப்பிடித்தான்.

ஈபிஎஃப்: வேண்டாமெண்டு எழுதிக் குடுத்தாலும் செல்லாது

நீங்கள் கூடக் கவலைப்பட்டிருக்கிறது இதுக்குத்தான், "நானே சைன் வைச்சிட்டன், இனி என்ன கேக்கிறது" எண்டு. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல வந்தது, அது உங்களுக்கும் முதலாளிக்கும் இடையில பேசித் தீர்க்கிற விசயம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில இருந்து கட்டோணும், ரெயினிங், தற்காலிகம், நிரந்தரம் எண்ட பேச்செல்லாம் அதில எடுபடாது. உங்கட பங்கு 8 வீதம், முதலாளியின்ர பங்கு 12 வீதம். அவற்ற 12 வீதத்தை உங்கட சம்பளத்தில வெட்ட அவருக்கு உரிமை இல்லை, அதால "ரெண்டு பங்கையும் உம்மட சம்பளத்தில தான்" எண்டு அவர் சொன்னதே சட்டத்துக்கு எதிரானது, அதை நம்பி நீங்கள் எழுதிக் குடுத்த துண்டுக்குப் பெறுமதி இல்லை. இதைவிட ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) எண்டு 3 வீதம், அது முழுக்க முதலாளி கட்டிறது, உங்களிட்ட ஒரு சதமும் எடுக்க ஏலாது.

30,000 சம்பளத்துக்குக் கணக்குப் பாருங்கோ. உங்கட 2,400, அவற்ற 3,600, சேத்து மாதம் 6,000 ஈபிஎஃப்பில விழோணும், ஈரிஎஃப் 900 புறம்பு. இன்னொண்டும் தெரிஞ்சு வைச்சுக்கொள்ளுங்கோ, சம்பளம் குடுக்கேக்க உங்கட 8 வீதத்தை வெட்டாமல் விட்டவர் பிறகு வந்து அதை உங்களிட்ட வாங்கேலாது, அந்தப் பங்கையும் சேத்து அவரே கட்டோணும், பிந்தினதுக்கு மேலதிகக் கட்டணமும் வரும். கட்டாட்டி தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோய் அறவிடும். அந்த வழக்கை நடத்துறது திணைக்களம், உங்களுக்கு லோயர் செலவு இல்லை.

நம்பிக்கை வைக்கக்கூடாத ஒண்டையும் சொல்லவேணும். பணிக்கொடை எண்டு கதைப்பினம், கிராச்சுட்டி. அது 5 வருசம் முடிச்ச ஆக்களுக்கு, 15 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யிற இடத்தில. உங்கட ரெண்டரை வருசத்துக்கு அது வராது. அதுக்காக இன்னும் ரெண்டரை வருசம் இந்த உடம்போட அங்க நிக்கச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

சேர்ட்டிபிக்கட்டும் வெறும் தாளும்

ஒரிஜினலை அடைவு மாதிரி வைச்சிருக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. நீங்கள் அது போனா வாழ்க்கையே போச்சுது எண்டு பயப்படுறியள், அந்தப் பயத்தை வைச்சுத்தான் உங்களை அங்க நிப்பாட்டி வைச்சிருக்கினம். பரீட்சைத் திணைக்களத்திட்ட உங்கட சுட்டெண்ணையும் வருசத்தையும் குடுத்துப் பெறுபேற்றுச் சான்றிதழைத் திரும்ப எடுக்கலாம், இணையத்திலயும் விண்ணப்பிக்கலாம். முதலாளி தாறாரோ இல்லையோ, அதை இப்பவே போட்டு எடுங்கோ. அது கைக்கு வந்த நாளில இருந்து நீங்கள் கதைக்கிற விதமே மாறும்.

வெறும் தாள் தான் எனக்குக் கொஞ்சம் யோசனை. அதில பிறகு என்னவும் எழுதலாம், கடன் வாங்கினது எண்டோ, களவை ஒத்துக்கொண்டது எண்டோ. அதால எந்த மாதம், ஆர் கேட்டு, என்ன சொல்லி அந்தக் கையெழுத்தை வாங்கினவை எண்டு வேலை விடமுன்னமே ஒரு கடிதமா எழுதி, தாளையும் சேர்ட்டிபிக்கட்டையும் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு, முதலாளிக்குப் பதிவுத் தபாலில அனுப்புங்கோ. ஒரு பிரதியையும் தபால் ரசீதையும் வீட்டில வையுங்கோ. பிறகு ஒரு தாள் முளைச்சா, நீங்கள் முன்னமே சொன்ன கதை எழுத்தில இருக்கும். தராட்டி பொலிசிலயும் முறைப்பாடு போடலாம்.

50,000 விசயம்: உங்களை எங்கயும் அனுப்பிப் படிப்பிச்சு அதுக்குக் காசு செலவழிச்சிருந்தா யோசிக்க இடமிருக்கு. சீலை மடிக்கக் காட்டித் தந்ததுக்கு ஒரு நீதிமன்றமும் 50,000 எழுதித் தாறது கஷ்டம். அவருக்கு உண்மையில அப்பிடி ஒரு உரிமை இருந்தா சிவில் வழக்குப் போட்டுத்தான் கேக்கோணும். "பொலிசைக் கூப்பிடுவன்" எண்டு வெருட்டினா பயப்பட வேண்டாம், வேலையை விட்டதுக்கு ஆரையும் பிடிக்கேலாது, விருப்பமில்லாத ஆளைக் கொண்டுவந்து வேலை செய்விக்கவும் எந்தச் சட்டமும் இல்லை.

நாளைக்கே விடட்டோ?

விடுங்கோ, ஆனா நாளைக்கு இல்லை. கோபத்தில ஒரு நாள் போகாமல் நிண்டிட்டா "அவ தானா ஓடிப்போட்டா, சீலையும் காணேல்லை" எண்டு சொல்ல வசதியாப் போயிடும், அப்பிடிச் சொன்ன வழக்குகள் நான் பாத்திருக்கிறன். ரெண்டு மூண்டு கிழமை எடுத்து அத்தாட்சியைச் சேருங்கோ.

உங்களிட்ட ஒரு பெரிய அத்தாட்சி இருக்கு, நீங்கள் அதை வெறும் அவமானமாத்தான் பாக்கிறியள். அந்த ரொய்லெற் கொப்பி. அதில திகதி இருக்கு, நேரம் இருக்கு, உங்கட சைன் இருக்கு, பக்கத்தில சுப்பர்வைசரின்ர எழுத்து இருக்கு. இரவு 7.40க்குப் போய் 7.44க்கு வந்தது எண்டு ஒரு வரி இருந்தா அண்டைக்கு இரவு 7.40க்கும் நீங்கள் வேலையில நிண்டது அவையின்ர கொப்பியிலயே எழுதியிருக்கு, தண்டம் வெட்டினதும் அதிலயே இருக்கு. போன் கொண்டுபோக விடுற நேரத்தில ரெண்டு மூண்டு பக்கம் படம் எடுக்க ஏலுமெண்டா எடுங்கோ, ஏலாட்டி கரைச்சல்பட வேண்டாம், அப்பிடி ஒரு கொப்பியும் விரல் மெசினும் இருக்கெண்டு முறைப்பாட்டில எழுதினாலே காணும், தொழில் உத்தியோகத்தர் கடைக்குப் போகேக்க கேட்டுப் பாப்பார்.

மிச்சத்துக்கு, சாதாரண கொப்பி ஒண்டில ஒவ்வொரு நாளும் போன நேரம், விட்ட நேரம் எழுதி வையுங்கோ. சுப்பர்வைசர் "நாளைக்கு 8 மணிக்கு வா, லீவு இல்லை" எண்டு அனுப்பின வட்ஸ்அப் மெசேச், குரல் பதிவு ஒண்டையும் அழிக்காதேங்கோ. சம்பளம் பாங்குக்கு வந்தா பாஸ்புக், கையில தந்தா வாங்கின திகதியும் தொகையும். கடைப் பேர் போட்ட ஐடி, யூனிபோமோட எடுத்த படம். ஆஸ்பத்திரி டயக்னோசிஸ் கார்ட்டை வடிவா எடுத்து வையுங்கோ, அது உங்கட உடம்புக்கு என்ன நடந்தது எண்டு டொக்டர் எழுதின கடதாசி.

பிறகு ஒரு மாத நோட்டிஸ் குடுத்து விலகல் கடிதத்தை நீங்களே எழுதுங்கோ, அவை எழுதி நீட்டிற எதிலயும் சைன் வைக்காதேங்கோ, முக்கியமா "எனக்கு வரவேண்டியது எல்லாம் வந்திட்டுது" எண்டு ஒரு வரி இருந்தா. கடைசி நாளில உங்கட பொறுப்பில இருக்கிற ராக்கையை எண்ணி ஒப்படைச்சு, எத்தின சீலை எண்டு எழுதி, வாங்கிற ஆளிட்ட ஒரு கையெழுத்து எடுங்கோ. களவுப் பழியில இருந்து உங்களைக் காப்பாத்திறது அந்தத் துண்டு தான்.

விலகினா எல்லாம் போயிடும் எண்டு நினைச்சிருக்கிறியள். ஈபிஎஃப், ஈரிஎஃப், சம்பள நிலுவை, ஓவர்டைம் ஒண்டும் போகாது, விட்ட பிறகும் கேக்கலாம். போறது ஒண்டு தான், "என்னை அநியாயமா நிப்பாட்டினவை" எண்ட வழக்கு, அது தானா விலகின ஆளுக்குக் கஷ்டம். அதே நேரம் முறைப்பாடு குடுத்தது தெரிஞ்சு அவர் உங்களை நிப்பாட்டினா அந்த வழக்கு உங்களுக்கு வரும், நிப்பாட்டின நாளில இருந்து 6 மாதத்துக்குள்ள தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கோணும், பிந்தினா எடுக்கமாட்டினம்.

மாமாவும் ரவுணில பேரும்

சட்டத்தை விட உங்களுக்குப் பாரமா இருக்கிறது இது எண்டு கடிதத்தை வாசிக்கேக்கயே விளங்கினது. யாழ்ப்பாணம் சின்ன இடம், கடைக்காரருக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியும், முறைப்பாடு போட்ட பிள்ளை எண்டு கதை போகும், அது பொய்யில்லை, போகாது எண்டு நான் உங்களுக்குச் சொல்லமாட்டன். அதால வேற வேலை ஒண்டு பாத்து வைச்சிட்டு முறைப்பாட்டைப் போடுறது தான் என்ர விருப்பம். இப்ப வேலையில இருந்துகொண்டே ஈபிஎஃப் முறைப்பாடு குடுக்கிறதெண்டா உங்கட பேரை வெளியில சொல்லவேண்டாமெண்டு கேக்கலாம், உத்தியோகத்தர் பொதுவான பரிசோதனையா வந்து எல்லாரின்ர பதிவையும் பாப்பார். கூட நிக்கிற பிள்ளையளில ரெண்டு பேர் சேர்ந்தாலும் பாரம் குறையும், ஆனா ஆரையும் வற்புறுத்த வேண்டாம், ஒவ்வொரு வீட்டிலயும் ஒவ்வொரு கடன் இருக்கும்.

மாமாவிட்ட நீங்களே முதல்ல சொல்லுங்கோ, முதலாளி வாயால அவர் கேள்விப்பட விடாதேங்கோ. "மாமா, நீங்கள் நல்லதுக்குத்தான் சேத்துவிட்டனியள், ஆனா அங்க ரொய்லெற்றுக்குப் போனதுக்குக் காசு வெட்டுகினம், நான் வாட்டில கிடந்ததுக்குக் காரணம் அது தான்" எண்டு அந்த டயக்னோசிஸ் கார்ட்டையும் காட்டிச் சொல்லுங்கோ. பொம்பிளைப்பிள்ளை வாய் திறந்து இதைச் சொல்லாததால வீட்டு ஆம்பிளையளுக்குப் பாதிக் கதை தெரியிறதில்லை. அம்மாவுக்கும் நீங்கள் இன்னும் முழுசாச் சொல்லேல்லை எண்டு தான் நான் நினைக்கிறன். அவ வெங்காயத் தோட்டத்தில நிண்ட பொம்பிளை, தண்ணி குடிக்காமல் நிக்கிறது எண்டா என்னெண்டு அவவுக்குத் தெரியும்.

முறைப்பாட்டை யாழ்ப்பாணம் மாவட்டத் தொழில் அலுவலகத்தில குடுக்கலாம், காசு இல்லை, தமிழில எழுதினாக் காணும். ஐடி கார்ட், கடையின்ர முழுப்பேரும் விலாசமும், சேர்ந்த திகதி, சம்பளம், என்னென்ன தரேல்லை எண்டது, சேத்த அத்தாட்சியின்ர பிரதியள். ஒரிஜினல் ஒண்டையும் குடுத்திட்டு வராதேங்கோ. வாங்கினதுக்கு ஒரு பதிவு இலக்கம் கேளுங்கோ. அதுக்கு மேல வழக்கு, கோடு எண்டு போனா, லோயருக்குக் குடுக்கக் காசில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலயும் நிலையம் இருக்கு, வருமானத்தைப் பாத்து இலவசமாச் செய்து தருவினம். கெதியில முடியும் எண்டு நினைச்சுக்கொண்டு போகாதேங்கோ, முதலாளியையும் உங்களையும் கூப்பிட்டு விசாரிப்பினம், கனபேர் அந்தக் கட்டத்திலயே காசைத் தந்து முடிக்கினம், சிலபேர் இழுப்பினம். விசாரணைக்குத் திகதி போட்டுக் கடிதம் வந்தா புது வேலையில லீவு எடுத்தெண்டாலும் போங்கோ. முறைப்பாடு குடுத்த ஆள் ரெண்டு தரம் வராமல் விட்டா ஃபைலை அப்பிடியே மூடி வைச்சிடுவினம், எத்தினையோ நல்ல முறைப்பாடு அதால தான் நிண்டு போனது.